சித்திரகுப்தன் கணக்கும் சர்க்கார் கணக்கும்



செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற ஆட்டுச் சந்தையைப் பாராதவர் நம் பக்கத்தில் அநேகமாய் இருக்க மாட்டார்கள். விடியுமுன்னே அங்கு போய் நிற்கிற நம் குடியானவன் ஓர் ஆட்டை எப்படி வாங்குகிறான் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். முதுகெலும்பை அழுத்திப் பார்க்கிறான். இரண்டு கையாலும் தூக்கி எடை பார்க்கிறான். நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கிறான். அப்புறமும் நூறு ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடுகிறான். "தரகர் சொன்னார், நம்பிவிட்டேன்" என்று ஒருவன் நோயாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் அவனைப் பெண்டாட்டி பிள்ளைகளே சிரிப்பார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரனான அதே குடியானவன், தன் ஊர் ஏரிக்கரையில் இத்தனை லட்சம், இத்தனை கோடி செலவு செய்யப்பட்டது என்று பலகை நட்டிருந்தால் என்ன செய்கிறான்? பலகையைப் படித்துவிட்டு, "சர்க்கார் பணம், நமக்கென்ன!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். கரையின் அகலம் பலகையில் சொன்னபடி இருக்கிறதா, மதகு பூட்டப்பட்டதா, கொட்டிய மண் எந்த ஊர் மண் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆட்டுக்கு உள்ள யோக்கியதை அணைக்கட்டுக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

சர்க்கார் பணம் யாருடைய பணம்?

சர்க்கார் பணம் என்பதாக ஒன்று தனியாக எங்கும் விளைவதில்லை. அது மந்திரிமார் வீட்டுத் தோட்டத்திலும் காய்ப்பதில்லை. நீங்கள் வாங்குகிற சோப்பிலும், செருப்பிலும், வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெயிலும், டாஸ்மாக் கடையில் உழைப்பை ஊற்றிக் குடிக்கிற பாட்டிலிலும் சேர்ந்து வந்த பணந்தான் அது. வருமான வரி கட்டுகிறவன் மாத்திரமே வரி கட்டுகிறவன் என்று பட்டணத்தில் சில கனவான்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சுத்தத் தவறு. பனமலையில் களையெடுக்கிற கிழவி ஒரு தீப்பெட்டி வாங்கினால் அவளும் வரி கட்டியவளே ஆகிறாள். ஆகவே கணக்குக் கேட்கிற உரிமை பட்டணத்துக் கனவானுக்கு எவ்வளவோ அவ்வளவு அந்தக் கிழவிக்கும் உண்டு. இந்த உரிமை பிச்சையல்ல, சலுகையும் அல்ல. கொடுத்தவன் கேட்பது என்ற சாதாரண நியாயமே ஆகும்.

நம்பு, கேட்காதே!

அப்படியிருந்தும் நம் ஜனங்கள் ஏன் கேட்பதில்லை? கேட்காமலிருக்க ஆயிரக்கணக்கான வருஷமாகப் பழக்கப்பட்டதுதான் காரணம். மேல் உலகத்தில் சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கன் இருக்கிறானாம். ஒவ்வொருவருடைய பாவ புண்ணியத்தையும் விடாமல் எழுதுகிறானாம். ஆனால் அந்தப் புஸ்தகத்தை எவரும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது, கூட்டல் கழித்தல் சரியா என்று சோதிக்க இன்னொரு கணக்கனும் இல்லை. தீர்ப்பு மாத்திரம் நமக்கு வந்து சேரும். காலரா வந்தால் பாவக் கணக்கு. பிள்ளை செத்தால் பூர்வ ஜென்மக் கணக்கு. ஏரி உடைந்தால் ஊர் செய்த கணக்கு!

இப்படிக் காணாத கணக்குக்குத் தலைவணங்கிப் பழகிய மனுஷன், காகிதத்தில் எழுதிய சர்க்கார் கணக்கைக் காட்டு என்று கேட்கக் கூச்சப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? "மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா?" என்கிறான். மேலே என்றால் முன்பு வைகுண்டம், கைலாசம். இப்போது கோட்டை, கலெக்டர் கச்சேரி. இடம் மாறியிருக்கிறதே ஒழிய, நோய் ஒன்றேயாகும்.

புதிய வேலை தொடங்கும்போது நடக்கிற கூத்தையும் பாருங்கள். எல்லா மதத்தாருக்கும் பொதுவான சர்க்கார் வேலைக்குப் பூமி பூஜை போடுகிறார்கள். தேங்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் கொளுத்துகிறார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். சிமெண்டு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு என்று கேட்க மாத்திரம் அங்கு ஆள் இல்லை. கற்பூரத்தின் புகை கான்கிரீட்டைக் கெட்டிப்படுத்தும் என்று எந்தப் பொறியியல் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது?

நம் பக்கத்தில் நடந்தவை

வடக்கே எங்கோ நடந்த சேதியை நாம் சொல்ல வரவில்லை. நம் தென்பெண்ணை ஆற்றிலேயே நடந்ததைச் சொல்லுகிறோம்.

நம் விழுப்புரம் ஜில்லாவின் தளவானூருக்கும் எதிர்க்கரை எனதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாய் செலவில் ஓர் அணைக்கட்டு கட்டப்பட்டு 2020-ல் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதன் ஒரு பக்கத்துச் சுவர் இடிந்து விழுந்தது. பொறியாளர்கள் சிலர் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் அது மறுபடியும் சேதமடைந்தது. 1950-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் அதே வெள்ளத்தில் உடைந்தது வாஸ்தவந்தான். ஆனால் அது எழுபது வருஷம் உழைத்து உடைந்தது; இதுவோ பிள்ளைப் பல் முளைக்குமுன்னே விழுந்தது.

இது முந்திய ஆட்சியில் நடந்தது என்று யாரும் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். அடுத்த ஆட்சியின் கதையையும் கேளுங்கள். அதே தென்பெண்ணையில், திருவண்ணாமலை ஜில்லா அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டு, டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. எதிர்பாராத பெருவெள்ளம் என்று சமாதானம் சொல்லப்பட்டது.

அது பெருவெள்ளத்தின் குற்றமா, திட்டம் போட்டவர் குற்றமா, கட்டியவர் குற்றமா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று எந்த ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு திட்டம் போட்டார்கள், அஸ்திவாரத்தை எவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள், கான்கிரீட்டை யார் சோதித்தார்கள், சோதித்தவன் கட்டியவனுக்குக் கட்டுப்பட்டவனா இல்லையா என்பவற்றைக் காகிதத்தோடு பார்த்துச் சொல்லுவதற்குத்தான் தணிக்கையாளன் வேண்டும் என்கிறோம். அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஆளுங்கட்சிக்காரன் "இயற்கை" என்பான். எதிர்க்கட்சிக்காரன் "கொள்ளை" என்பான். கோயில் பூசாரி "கங்கையம்மன் கோபம்" என்பான். மூவரும் நம்மை நம்பத்தான் சொல்லுவார்கள். ஒருவரும் காகிதத்தைக் காட்ட மாட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். குடியானவனுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகக் கொடுக்கிற பி.எம். கிசான் திட்டம் 2019-ல் வந்தது. 2020-ல் கொரோனா காலத்தில், நம் விழுப்புரம், பக்கத்துக் கள்ளக்குறிச்சி, கடலூர் முதலான ஜில்லாக்களில் பெயர்கள் திடீரென்று குவிந்தன. நிலமே இல்லாதவர்கள் பேரிலெல்லாம் பணம் போயிற்று. தகுதியில்லாதவர் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று சர்க்கார் அதிகாரிகளே சொன்னார்கள். இது எப்படி நடந்தது? விவசாய இலாகாவின் கணினிக் கடவுச்சொல் தரகர் கைக்குப் போய்விட்டது. சாவி திருடன் கையில் இருக்கும்போது பூட்டின்மேல் என்ன சாமி படம் ஒட்டியிருந்தால் என்ன? மனு கொடுக்கிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் வேறொருவன், பணம் விடுகிறவன் மூன்றாமவன் என்று பிரித்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கணக்கு நூலின் முதல் பாடமே அதுதான்.

பழம்பெருமையும் அதன் ஓட்டையும்

"நம் முன்னோர்கள் அறியாததா?" என்று மீசை முறுக்குகிற புராதனப் புலிகளுக்கும் ஒரு வார்த்தை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு நிற்கக் கூடாது. அவன் மாத்திரமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறது. இந்த ஒரு விதிக்காக அக்கல்லை நாமும் மெச்சுகிறோம். இன்றைக்கு அந்த விதி இருந்தால் எத்தனை குடும்பங்கள் தேர்தலில் நிற்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

ஆனால் அதே கல்லில் மற்றொன்றும் இருக்கிறது. வரி கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உடையவனே நிற்கலாம். உழுதவனுக்கும் குளம் வெட்டியவனுக்கும் இடமில்லை. ஆகவே அது பார்ப்பனர் தமக்குள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட கணக்கே ஒழிய, ஊராருக்குக் காட்டிய கணக்கல்ல. நம் பனமலைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் எடுத்த கற்கோயில் 1,300 வருஷமாக நிற்கிறது. அதன் சுவரில் எழுதிய பெண்ணின் சித்திரத்தைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள். கட்டிய கொத்தனுடைய திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் எந்தக் குடியானவனிடம் எத்தனை கலம் நெல் வாங்கி அதைக் கட்டினான் என்று பல்லவன் யாருக்கும் கணக்குக் காட்டவில்லை. ராஜா காலத்தில் கேட்க முடியாது. கேட்டால் தலை போகும். இன்று கேட்டால் தலை போகாது. அப்படியிருந்தும் கேட்காமல் இருப்பது ராஜா காலத்து மூளையை இன்னும் சுமப்பதல்லாமல் வேறென்ன?

தணிக்கையாளன் யாருடைய ஆள்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தணிக்கை இருந்தால் மாத்திரம் போதாது. தணிக்கை செய்கிறவன், செலவு செய்தவனுக்குக் கட்டுப்படாதவனாக இருக்க வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக் கணக்கு. நாட்டுக் கணக்கு அப்படி இருக்கலாகாது.

இதை உணர்ந்துதான் நம் அரசியல் சட்டத்தின் 148-ஆவது விதியில் சி.ஏ.ஜி. என்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்குத் தனிப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குகிற முறையில்தான் அவரை நீக்கலாம். பதவி முடிந்தபின் சர்க்காரிடம் வேறு உத்தியோகம் ஏற்கக் கூடாது. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்த உத்தியோகஸ்தரின் கடமை நீதிபதிகளின் கடமையைவிடவும் முக்கியமானது என்கிற கருத்தைச் சொன்னார். நாட்டின் கஜானாவைக் காக்கிறவன் என்பதால் சொன்னார்.

அவ்வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். செஞ்சிக் கோட்டையையும் நம் பனமலைக் கோயிலையும் பாதுகாக்கிற தொல்பொருள் இலாகாவை அந்தத் தணிக்கையாளர் சோதித்து 2013-ல் அறிக்கை கொடுத்தார். தணிக்கைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் பார்க்கவில்லை. நேரே போய் 1,655 சின்னங்களை எண்ணினார்கள். அவற்றில் 92 சின்னங்கள் இருக்க வேண்டிய இடத்தில் காணப்படவில்லை! பாதுகாக்கப்பட்டது என்று இலாகாவின் ஜாபிதாவில் இருக்கிறது, பூமியின்மேல் இல்லை. பிற்பாடு இலாகா தேடியதில் சில அகப்பட்டன. சில நகரத்துக்குள் மறைந்தன. சில அணை நீரில் மூழ்கின. மற்றவை அகப்படவே இல்லை. எண்ணிப் பார்க்கும் வரையில் எல்லாம் சரியாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இதுதான் நம்பிக்கைக்கும் தணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் இங்கும் ஓட்டை உண்டு. அவரை நியமிப்பது ஜனாதிபதி. அதாவது மந்திரிசபையின் யோசனைப்படி. தணிக்கை செய்யப்பட வேண்டியவனே தணிக்கையாளனைப் பொறுக்குகிறான் என்பதுதான் இதன் அர்த்தம். அன்றியும், அவருடைய அறிக்கையைச் சட்டசபையில் வைக்க வேண்டும் என்று 151-ஆவது விதி சொல்லுகிறதே தவிர, இத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிணத்தை எரித்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபின் வைத்தியர் சீட்டு வந்தால் யாருக்குப் பிரயோஜனம்? அறிக்கை கைக்கு வந்த அடுத்த கூட்டத்திலேயே சபையில் வைக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.

ஊராட்சி, நகரசபைக் கணக்கோ இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. அதைப் பார்க்கிற உள்ளாட்சி நிதித் தணிக்கை இலாகா மாநில சர்க்காரின் நிதி இலாகாவுக்குக் கீழ்ப்பட்டது. அங்கு யோக்கியர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை, நிறைய இருக்கலாம். ஆனால் ஒருவனுடைய சம்பளமும், மாற்றலும், பிரமோஷனும் எவர் கையில் இருக்கிறதோ அவருடைய குற்றத்தை அவன் எழுதுவான் என்று எதிர்பார்ப்பது மனுஷ சுபாவத்துக்கு விரோதமாகும். ஆளின் யோக்கியதையை நம்பி ஏற்பாடு செய்யக் கூடாது. ஏற்பாடே ஆளை யோக்கியனாக்க வேண்டும்.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

தணிக்கை என்றால் வேலை நின்றுபோகும், உத்தியோகஸ்தர் பயந்து கையெழுத்துப் போட மாட்டார் என்கிறார்கள். யோக்கியமாய்ச் செய்து, காரணத்தை எழுதி வைத்தவனுக்குப் பயம் எதற்கு? தளவானூரில் வேகமாய்க் கட்டியதால் நமக்கு மிச்சமானது என்ன?

ரூபாய் அணா சரியாயிருந்தால் போதாதா என்கிறார்கள். போதாது. பத்து லட்சத்துக்கு ரசீது சரியாக வைத்து, தண்ணீர் வராத குழாய் போட்டால் ரசீதையா குடிப்பது? குறைந்த விலைக்கு வாங்கினாயா, வாங்கியதை வீணாக்காமல் உபயோகித்தாயா, கடைசியில் ஜனங்களுக்குப் பலன் கிடைத்ததா என்கிற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும்.

தணிக்கையாளன் சொன்னால் அது வேதமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை! எவன் சொன்னதும் வேதமல்ல என்பதே நமது கொள்கை. அலைக்கற்றை விஷயத்தில் 2010-ல் சி.ஏ.ஜி. 1,76,000 கோடி ரூபாய் வரை நஷ்டம் என்று ஓர் உத்தேசத்தைச் சொன்னார். அதைப் பத்திரிகைகள் திருடிய பணமாகவே பாடின. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு 122 லைசென்சுகளை ரத்துச் செய்தது. ஆனால் 2017 டிசம்பரில் தனிக் கோர்ட்டு குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அதன்மேல் அப்பீலும் போயிற்று. இதிலிருந்து தெரிவது என்ன? உத்தேசம் வேறு, நஷ்டம் வேறு, குற்றம் வேறு. தணிக்கையாளன் எந்தக் கணக்கைக் கொண்டு அந்தத் தொகைக்கு வந்தான் என்பதையும் நாம் கேட்க வேண்டும். சர்க்காரை நம்பாதே என்று சொல்லிவிட்டு, தணிக்கையாளனைக் கும்பிடு என்று சொல்ல நாம் புதிய பூசாரிகள் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

ராஜஸ்தானத்தில் எழுத்தறிவு குறைந்த உழவர்களும் கூலிக்காரர்களும் 1994 முதல் ஊர் நடுவில் கூடி, கூலிப் பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் செய்தார்கள். பெயர் படிக்கப் படிக்க, "நான் வேலை செய்யவில்லையே", "எனக்கு இவ்வளவு கொடுக்கவில்லையே" என்று ஜனங்கள் எழுந்து சொன்னார்கள். பொய்க் கணக்கு ஜனங்களின் முன் நிற்க முடியவில்லை. அந்தக் கிளர்ச்சியும் சேர்ந்துதான் 2005-ல் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம் தமிழ்நாடோ 1997-லேயே அப்படி ஒரு சட்டம் செய்த மாகாணம். சட்டம் செய்வதில் முன்னே, உபயோகிப்பதில் பின்னே!

அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி மனு எழுதினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். காகிதம் மாத்திரமல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், உபயோகிக்கிற சாமானில் மாதிரி எடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கிற உரிமையைச் சட்டமே அணைக்கட்டுக்கும் கொடுத்திருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் ஊர்க் காரியத்தையே எடுத்துக்கொள்ளுவோம். துரிஞ்சலாற்றுக் கீரனூர் அணைக்கட்டில் பிரிந்து, வழியில் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளை நிரப்பி, கடைசியில் நம் பனமலை ஏரிக்கு வந்து சேர வேண்டியது நந்தன் கால்வாய். அதைச் செப்பனிட 2020-ஐ ஒட்டிச் சுமார் 26 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் குற்றம் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஏன்? கடைமடைக்காரராகிய நாம் இன்னும் கூடிக் கேட்கவில்லை! எனவே நம் தோழர்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

முதலாவது, மதிப்பீட்டின் நகலும், வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். இரண்டாவது, அதில் எழுதியிருக்கிற நீளம், அகலம், ஆழத்தைக் கயிறும் கோலும் கொண்டு நீங்களே அளந்து பாருங்கள். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. மூன்றாவது, செலவுக்கு முன்னும் பின்னும் எந்தெந்த ஏரிக்கு எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று எழுதி வையுங்கள். நான்காவது, கிராம சபை கூடுகிற நாளில் பிரியாணிக்கும் கையெழுத்துக்கும் மாத்திரம் போகாமல், வரவு செலவை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பெண்களும் சேரி மக்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்கள் தெருவுக்கு வராத குழாயும் விளக்கும்தான் பெரும்பாலும் காகிதத்தில் வந்திருக்கும்.

கணக்கு சரியாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்று கூட்டத்திலேயே சொல்லி, செய்தவரைப் பாராட்டுங்கள். தப்பாயிருந்தால் நம் ஜாதிக்காரன், நம் கட்சிக்காரன், ஓட்டுக்குப் பணம் கொடுத்தவன் என்று பாராமல் எழுதிக் கொடுங்கள். ஓட்டுக்கு வாங்கிய பணம் வாயைக் கட்டுவதற்குக் கொடுத்த பணமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

சித்திரகுப்தனுடைய புஸ்தகத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஏனெனில் அப்படி ஒன்று இல்லை. சர்க்காருடைய புஸ்தகமோ செஞ்சியிலும் விழுப்புரத்திலும் பீரோவில் இருக்கிறது. 10 ரூபாயும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் திறக்கும். இல்லாத புஸ்தகத்துக்குப் பயந்து, இருக்கிற புஸ்தகத்தைப் படிக்காமல் விடுகிற மடமையை இனியாவது ஒழிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.